உன் பெற்றோரிடம் கேள்

"பையனுக்கா, பொண்ணுக்கா மேடம்?" என்று கேட்டார் கடை விற்பனையாளர்.

"எனக்கு" என்றாள் பல்லக்கா.

காது மந்தமானவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, "விளையாடப் போறது யாருன்னு கேட்டேன். வயசுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக் காட்டலாம்ல" என்றார்.

"அம்பத்தோரு வயசு. அதுக்குத் தகுந்த மாதிரி காட்டுங்க. காது நல்லாவே கேக்குது."

விற்பனையாளர் டையைச் சரிசெய்துகொண்டு இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தார். இரண்டும் ஒரே கம்பெனி கன்சோல்தான். ஒன்றில் டிஸ்க் போட வாய் இருந்தது. இன்னொன்றுக்கு வாயே இல்லை. எல்லாம் இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். இருபத்தெட்டு வருஷமாக ஊரார் வாய்களோடு மாரடிக்கிறவள் பல்லக்கா. யோசிக்காமல் வாயில்லாததைக் கைகாட்டினாள்.

அடுத்து அவர் சந்தாவைப் பற்றி ஆரம்பித்தார். மாதாமாதம் சந்தா கட்டினால் ஒரு லைப்ரரி திறக்குமாம். உள்ளே நூற்றுக்கணக்கில் கேம்கள். எதை வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆடலாம். புதிது வந்துகொண்டே இருக்கும், பழையது சிலது போய்விடும்.

"போயிடும்னா?"

"போயிடும் மேடம். நீங்க பாதியில நின்னுட்டு இருந்தாலும் போயிடும். அதுக்குத்தான் சட்டுபுட்டுன்னு ஆடி முடிச்சிடணும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார் என்று பல்லக்காவுக்குத் தோன்றியது. அவள் கேட்டது ஒரே கேள்வி. கயிறும் ஆணியும் வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக மலை ஏறுவாளே, அந்த கேம் லைப்ரரியில் இருக்கிறதா? அவர் தேடிப் பார்த்து, இருக்கிறது என்றார். ரோஸ் நிறக் கன்ட்ரோலர் லேடீஸுக்கு நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். அவள் கறுப்பையே வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

பல்லக்கா என்பது அவளுடைய தொழில் கொடுத்த பெயர். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் பல் அச்சுகளை வைத்து கேப்பும் பல்செட்டும் செய்யும் லேபில் அவள்தான் மூத்த கை. அந்த நகரத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற பெரிய மனிதர்களில் பாதிப் பேர் இவள் கைவேலையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால், மேல்வரிசையில் இடப்பக்கம் நான்காவது தன்னுடையதா என்று எட்டிப் பார்ப்பாள்.

முன்பெல்லாம் மெழுகில் செதுக்கினார்கள். பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் திரைதான். திரையில் ஒரு பல் மிதக்கும். இடது கை அதைச் சுற்றிச் சுற்றித் திருப்ப, வலது கை மவுஸால் மேடு பள்ளம் இழைக்கும். ஒன்றைத் திருப்பிக்கொண்டே இன்னொன்றைச் செய்வது பல்லக்காவுக்கு மூச்சு விடுவதைப் போல.

மலை அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்தது லேபில்தான். அங்கே அச்சு வார்க்கிறவருக்கு முழங்கை வரை எப்போதும் பிளாஸ்டர் பொடி அப்பியிருப்பதால் மாவு என்று பெயர். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஒருநாள் அவர் தன் வீட்டு கன்சோலில் ஆடிப்போயிருந்த செருகியைப் பற்றவைக்க லேபுக்குக் கொண்டுவந்தார். பற்றவைத்ததும் சரியாக வேலை செய்கிறதா என்று சாப்பாட்டு நேரத்தில் லேப் திரையில் மாட்டிப் பார்த்தார். வெள்ளைப் பாறையில் ஒரு பெண் தொங்கிக்கொண்டிருந்தாள். கன்ட்ரோலரின் இடது விசை அவளுடைய இடது கை, வலது விசை வலது கை. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் கீழேதான். மாவு நான்கு முறை விழுந்தார்.

"குடு, பாப்போம்" என்று வாங்கினாள் பல்லக்கா. அன்று சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மாவு ஒரு மாதமாக எட்டாத முதல் முகாமை அவள் எட்டிவிட்டாள். மொத்தம் எட்டு முகாமாம். உச்சியில் ஒரு கல் இருக்கிறது, ஏறியவர் அதில் தன் பெயரைச் செதுக்கலாம் என்று மாவு சொன்னார். அவர் அதைப் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான்.

அதன்பிறகு ஒரு வாரம் பல்லக்காவின் கட்டைவிரல்கள் சும்மா இருக்கும்போதெல்லாம் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தன. ஓவர்டைம் பார்த்த கூலி கைக்கு வந்த அன்று நேராகக் கடைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் அவளுடைய கணவர் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னும் எதைப் பார்த்தாலும் அது எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்றுதான் யோசிப்பார்.

"யாருக்கு இது?" என்றார்.

அன்று அந்தக் கேள்விக்கு இரண்டாம் முறை பதில் சொன்னாள் பல்லக்கா. அவர் சிரிக்கவில்லை. ஹால் டிவியின் ரிமோட்டை எடுத்துத் தன் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அந்த ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, உறைக்கு ரப்பர் பேண்டும் போட்டிருந்தார். பல்லக்கா அந்தப் பக்கமே போகவில்லை. லேபில் கழித்துக்கட்டிய பழைய திரை ஒன்றை முன்பே கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதைத் துணி தேய்க்கும் அறையில் மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் கன்சோல், எதிரே பிளாஸ்டிக் நாற்காலி. அவளுடைய ராஜ்ஜியம் தயார்.

அந்த நேரத்தில் கணவர் ஹாலில் தன் தங்கையோடு போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது. என்ன பேச்சு என்று காது கொடுக்கவில்லை. அண்ணனும் தங்கையும் தாழ்ந்த குரலில் பேசுவது அந்த வீட்டில் புதிதல்ல.

வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனிடம் கணவரே சொல்லி, அவனை வீடியோ காலில் வரவழைத்தார். நானே செய்துகொள்கிறேன் என்றாள் பல்லக்கா. மகன் விடவில்லை. இதிலெல்லாம் கணக்குத் தொடங்குவது பெரிய தலைவலி, எங்கேயாவது தப்பாக அழுத்திவிட்டால் சரிசெய்ய முடியாது, திரையில் வரும் எண்ணை மட்டும் சொல்லு, மீதியை நான் இங்கிருந்தே முடித்துவிடுகிறேன் என்றான். எண்ணைச் சொன்னாள். சந்தாவுக்காகத் தன் கார்டு எண்ணையும் சொன்னாள். பத்து நிமிஷத்தில் லைப்ரரி திறந்துகொண்டது.

அவள் செய்த தப்பு அதுதான். லேபில் பல் அச்சு வைத்த ஒரு தட்டு மேஜைக்கு வந்தால் முதலில் அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பாள். பெயர், வயது, மேலா கீழா, இடமா வலமா. பல் தேய்மானம் ஒரு வயதையும் சீட்டு இன்னொரு வயதையும் சொன்னால், அந்தத் தட்டைத் தொடவே மாட்டாள். சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். டாக்டர் போனில் கத்தினாலும் சரி, முதலாளியம்மா வந்து நின்றாலும் சரி, கோடு கோடுதான். அப்படிப்பட்டவள் அன்று பெற்ற பிள்ளையாயிற்றே என்று சீட்டைப் படிக்காமல் விட்டுவிட்டாள்.

லேபிலிருந்து வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டுத் துணி அறைக்குள் போனால் மலை காத்துக்கொண்டிருக்கும். திரையின் மூலையில் ஏறுகிறவளின் பெயர் 'குட்டி' என்று வந்தது. கணவருடைய தங்கை மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வயது. மகன் ஏதோ ஆசைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏறுவதைப் பற்றி யாரிடமும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. விசையை முழுக்க அழுத்தினால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும், லேசாக அழுத்தினால் வழுக்கும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது. முன்பல் முனையை இழைக்கும்போது விரல் தேடிப்போகும் அதே அளவு. அது கிடைத்துவிட்டால் பாறை உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். கீழே மேகம், மேலே மேகம், நடுவில் அவள். யாரும் சோறு கேட்கவில்லை. யாரும் சட்டைப் பொத்தானைத் தேடச் சொல்லவில்லை.

சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் திரை இருண்டது. அதில் ஒரு வாசகம்: இன்றைய நேரம் முடிந்தது. கூடுதல் நேரம் வேண்டுமானால் உன் பெற்றோரிடம் கேள்.

பல்லக்காவின் அப்பா போய் இருபது வருஷம், அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள்போல என்று நினைத்தாள். சந்தாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உண்டு என்று அவளாகவே தீர்மானித்துக்கொண்டாள். அடியில் 'கேள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று அழுத்தினாள். இரண்டு நிமிஷத்தில் பதினைந்து நிமிஷம் கிடைத்தது. கம்பெனிக்காரர்கள் தங்கமானவர்கள் என்று வாய்விட்டே சொன்னாள்.

இப்படியே தினமும் ஒரு மணி நேரமும், சில நாட்கள் கேட்டு வாங்கிய பதினைந்து நிமிஷமுமாக, மூன்று வாரத்தில் ஐந்தாவது முகாமுக்கு வந்துவிட்டாள். அங்கேதான் அந்த அறிவிப்பு வந்தது. மலை இந்த மாதக் கடைசியோடு லைப்ரரியை விட்டுப் போகிறது. முப்பதாம் தேதி மாலை ஆறு மணி வரைதான்.

மறுநாள் சனிக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள். இன்னும் மூன்று முகாம் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தில் எப்படி முடிப்பது?

மாவு சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "என்னக்கா ஒரு மணி நேரம்?"

"அவங்க குடுக்கறதே ஒரு மணி நேரந்தானே. கேட்டா காமணி நேரம் கூடத் தருவாங்க."

"யார் தருவாங்க?"

"கம்பெனிதான்."

மாவு சாப்பாட்டை மூடிவைத்துவிட்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அதை அடக்கத் தெரிந்த நல்ல மனதும் இருந்தது. "அக்கா, அது கம்பெனி இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா போடற பூட்டு. என் பசங்களுக்கு நான் போட்டு வச்சிருக்கேன். நீங்க கேளுன்னு அழுத்தினா, பூட்டுப் போட்டவன் போன்ல மணி அடிக்கும். அவன்தான் உங்களுக்குக் காமணி நேரம் தர்றான்."

அன்று மதியம் பல்லக்கா செய்த கேப் ஒன்று, கடித்தால் எதிர்ப்பல்லில் இடிக்கும் உயரத்துக்குப் போய்விட்டது. எத்தனையோ வருஷத்தில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

மாலையில் வீட்டுக்கு வந்து டீகூடக் குடிக்காமல் துணி அறைக்குப் போனாள். மாவு சொல்லிக்கொடுத்த வழியில் கணக்கு விவரத்தைத் திறந்தாள். கடைசியில் சீட்டைப் படித்தாள். பெயர், குட்டி. வயது, பதினொன்று. பிறந்த தேதி, குட்டியுடையது. பெற்றோர் என்ற இடத்தில் அவளுடைய மகனின் படம், அலுவலக மேஜையில் உட்கார்ந்து சிரித்தபடி. கீழே, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு அவள் கெஞ்சினாள், அவன் எத்தனை நிமிஷம் இரங்கினான் என்று வரிசையாக இருந்தது.

தன் நாக்காலேயே தன் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள் பல்லக்கா. கோபம் வந்தால் அவள் செய்வது அதுதான். முப்பத்திரண்டும் முடிந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நாத்தனார் வந்தாள். கையில் பெரிய ஜிப் பை, காலியாக. ஹாலில் பூச்சாடிமேல் சாய்த்துவைத்த போனில் மகன் வழக்கம்போல வந்திருந்தான். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும், ஊரில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பதைப் பற்றியும் பேச்சு ஓடியது. பிறகு நாத்தனார் உதட்டை மடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன அண்ணி, மலையெல்லாம் எது வரைக்கும் வந்திருக்கு? வெள்ளிக்கிழமை காமணி நேரம் கூடக் குடுத்தானாமே உங்க பையன்."

கணவர் தொண்டையைச் செருமினார். மகன் போனுக்குள் சிரித்தான். அப்படியானால் வீடே தெரிந்துவைத்திருக்கிறது. அவள் ஒருத்திதான் கம்பெனிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பல்லக்கா நாற்காலியை இழுத்துப்போட்டுப் போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு எதுக்குப்பா பதினோரு வயசு போட்டே?"

மகன் சமாளித்தான். அவளுடைய நல்லதுக்குத்தான் என்றான். இந்த கேம்கள் ஒரு மாதிரி ஆளை இழுத்துப்போட்டுவிடும், நாள் முழுக்கத் திரையைப் பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும் என்றான். நல்ல பிள்ளைதான். குரலில் அக்கறை இருந்தது.

"லேப்ல நான் தினம் ஒம்பது மணி நேரம் திரை பாக்கறேன். பத்து வருஷமாப் பாக்கறேன். அப்பல்லாம் என் கண்ணைப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தரும் வாயத் திறக்கலையே."

மகன் வேறு வழியில் வந்தான். "அம்மா, கோவிச்சுக்காதே. எப்படியும் மாசக் கடைசியில பெட்டி குட்டிகிட்டத்தானே போகப்போகுது. அப்பாதான் சொன்னாரு. எதுக்கு ரெண்டு தடவை கணக்குத் தொடங்கறதுன்னு அவ பிறந்த தேதியையே போட்டுட்டேன்."

பல்லக்கா ஜிப் பையைப் பார்த்தாள். நாத்தனார் பையை மெல்லக் காலுக்குப் பின்னால் தள்ளினாள். கணவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதுபோல.

"ஒரு மாசத்துல உனக்குச் சலிச்சுப் போயிடும்னு நினைச்சேன்" என்றார் கடைசியில். "சும்மா கிடக்கறதுக்கு ஒரு குழந்தையாவது ஆடட்டுமேன்னு..."

"என்னைக் கேட்டீங்களா?"

"நீ என்ன, குழந்தைகிட்டப் போய்ப் போட்டிக்கு நிப்பியா?"

"நிப்பேன்" என்றாள் பல்லக்கா. "என் பொருளுக்கு நிப்பேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பி, குட்டி எந்தச் சனி ஞாயிறு வேண்டுமானாலும் வரலாம், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுகிறேன், சேர்ந்து ஆடலாம், ஆனால் பெட்டி அந்த மேஜையை விட்டு நகராது என்று சொன்னாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, சீட்டுல வயசு தப்பா இருந்தா லேப்ல நான் என்ன செய்வேன்?"

இருபத்தேழு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவர். அந்தக் கதைகளை ஆயிரம் தடவை கேட்டவர். "திருப்பி அனுப்பிடுவே" என்றார் முனகலாக.

மகன் அவசரமாக இறங்கிவந்தான். பூட்டை இப்போதே தளர்த்திவிடுகிறேன், மூன்று மணி நேரம் வைக்கிறேன், போதுமா என்றான்.

"நீ வைக்காதே."

"சரி, பூட்டே இல்லாமப் பண்ணிடறேன். வயசு மட்டும் அப்படியே இருக்கட்டும், அதை மாத்தறது சிக்கல். நீயா கணக்கை அழிச்சிட்டுப் புதுசாத் தொடங்கினா, ஏறினதெல்லாம் போயிடும்மா. அஞ்சு முகாமும் போயிடும். மூணு நாள்தான் இருக்கு. யோசிச்சுக்கோ."

அவன் சொன்னது உண்மை. பல்லக்காவுக்கும் அது தெரியும், மாவும் அதைச் சொல்லித்தான் எச்சரித்திருந்தார். மூன்று வாரம், ஐந்து முகாம், நூறு தடவையாவது விழுந்து எழுந்தது.

"போகட்டும். அதுல ஏறினது பதினோரு வயசுப் பொண்ணு. நான் இன்னும் ஏறவே இல்ல."

எழுந்து துணி அறைக்குப் போனாள். சந்தாவை நிறுத்தினாள். கணக்கை அழித்தாள். நிச்சயமாகவா என்று கன்சோல் மூன்று தடவை கேட்டது, மூன்று தடவையும் நிச்சயமாகத்தான் என்றாள். புதுக்கணக்கில் பிறந்த வருஷம் கேட்டபோது பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். வருஷங்கள் ஓடின. மகன் பிறந்தது, கல்யாணம் ஆனது, லேபில் சேர்ந்தது எல்லாம் தாண்டிப் போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள். பெற்றோர் என்ற இடமே இந்த முறை வரவில்லை. சந்தாவையும் தன் கார்டில் தானே கட்டினாள். வெள்ளைப் பாறையின் அடிவாரத்தில், கயிறு தோளில் மாட்டியபடி, அவள் புதிதாக நின்றாள்.

நாத்தனார் காலிப் பையோடு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை லேபில் செவ்வாயும் புதனும் விடுமுறை கேட்டுத் தாள் எழுதினாள். அந்தத் தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. இதுவரை அவள் அதில் காய்ச்சல், கல்யாணம், காரியம் மூன்றைத் தவிர வேறு எழுதியதில்லை. இந்த முறை 'விளையாட' என்று எழுதினாள். முதலாளியம்மா அதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தார். காய்ச்சல் என்று போட்டுவிடேன், அதிலென்ன என்றார். காய்ச்சல் இல்லையே அம்மா என்றாள் பல்லக்கா. எதிர்மேஜையில் மாவு தலையைக் குனிந்துகொண்டு பிளாஸ்டரைத் தேவைக்கு மேல் குழைத்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா கையெழுத்துப் போட்டார். பல்லக்கா கோபித்துக்கொண்டால் முன்பல் வரிசைக்கு அந்த லேபில் வேறு ஆள் கிடையாது.

இரண்டாவது தடவை ஏறுவது வேறு மாதிரி இருந்தது. எந்த விளிம்பு உடையும், எந்த வெடிப்பில் விரல் நிற்கும் என்று கைக்கு ஞாபகம் இருந்தது. திரை அணையவில்லை. யாரிடமும் கேட்கச் சொல்லவில்லை. செவ்வாய் மதியத்துக்குள் மூன்று முகாம், மாலைக்குள் ஐந்து. தோள் வலித்தது. சோற்றை வடித்துவைத்துவிட்டு, போட்டுச் சாப்பிடுங்கள் என்று குரல் கொடுத்தாள். தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கிடங்கு பார்த்த மனிதர் தேடிக் கண்டுபிடித்தார்.

ஐந்தாவது முகாமுக்கு மேல் அவளும் பார்க்காத பாறை. புதன் காலை முழுக்க அங்கேயே விழுந்தாள். ஏழாவதற்கு வந்தபோது மணி இரண்டரை. அதற்கு மேல் பனி, காற்று வேறு. ஒரு கையை எடுத்தால் மறு கையை முழுக்க அழுத்த வேண்டும், அழுத்தினால் சோர்ந்துவிடும். எட்டாவதையும் தாண்டி, நான்கு மணிக்கு அவள் உச்சிக்குக் கீழே ஒரு பனி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் போன் அதிர்ந்தது. மகன்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. சத்தம் கேட்டுக் கணவர் அறை வாசலில் வந்து நின்றார். மூன்று நாளாக அந்த வாசலைத் தாண்டாதவர்.

"பையன் கூப்பிடறான்" என்றார்.

"தெரியுது."

"எடுக்கலையா?"

"ரெண்டு கையும் பாறையில இருக்குங்க. விட்டா விழுந்துடுவேன்."

அவர் திரையைப் பார்த்தார். அவ்வளவு உயரத்தை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு அடி உள்ளே வந்து, தன்னையறியாமல் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். போன் மூன்றாம் முறை அடித்தது.

"எடுத்து என்ன சொல்ல?"

"அம்மா மலையில இருக்கான்னு சொல்லுங்க. இறங்கினதும் பேசுவான்னு சொல்லுங்க."

கிடங்கில் முப்பது வருஷம் லாரி வந்ததா போனதா என்று தகவல் சொன்ன அதே குரலில் அவர் போனில் சொன்னார்: "அம்மா மலையில இருக்கா. இறங்கினதும் பேசுவா." அந்தப் பக்கம் என்ன கேட்டானோ, "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா, காத்து அடிக்குது" என்று வைத்துவிட்டார்.

பல்லக்கா வலது விசையை நடு அளவுக்குக் கொண்டுவந்தாள். இடது கையை எடுத்தாள். வீசிப் பிடித்தாள். பிடி நின்றது.

ஐந்தே காலுக்கு மேலே பாறை தீர்ந்துபோனது. வானம் மட்டும் இருந்தது. ஒரு தட்டையான கல், அதில் ஒரு வெற்றுக் கட்டம், பெயரை எழுதச் சொல்லிக் காத்திருந்தது. பல்லக்கா என்று எழுதவில்லை. லேபிலும் வீட்டிலும் யாரும் கூப்பிட்டுப் பல வருஷமான தன் முழுப் பெயரை, முன்னெழுத்தோடு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். கட்டத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

பெயருக்குப் பக்கத்தில் 51 என்று போட்டாள். சீட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.